மூன்று எழுத்து விட்டுப்போன ரிப்போர்ட்

மூளைக் கட்டிக்கு என்ன சிகிச்சை என்று கூடி முடிவெடுக்கும் மருத்துவக் குழுக்களுக்கும், எடுத்த சதையைச் சோதித்து ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் பேத்தாலஜி துறையினருக்கும், மருத்துவமனை நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம்.

என் அண்ணனின் மூளையிலிருந்து எடுத்த துணுக்கு ஒரு நாள் முழுக்க என் கைப்பையில் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய பிளாஸ்டிக் சட்டம், அதன் மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் பருப்பு அளவில் சாம்பல் நிறப் பொட்டு ஒன்று. ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். 'பிளாக்' என்று சொன்னார்கள். கையில் கொடுத்த ஊழியர், "வெயில்ல வைக்காதீங்க சார், மெழுகு இளகிடும்" என்றார். தண்ணீர் பாட்டிலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வேறு ஊரில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன்.

அதற்கு முன் ஏழு மாதம் அந்தப் பிளாக் ஒரு மருத்துவமனையின் அலமாரியில் இருந்தது. அண்ணனுக்கு வந்தது என்ன நோய் என்பதற்கான விடையும் அந்த ஏழு மாதம் அதற்குள்ளேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு அப்போது 47 வயது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று வார்த்தை கிடைக்காமல் நிற்பார். பேனாவைக் காட்டி "அது, அது" என்பார். பிறகு ஒரு நாள் வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இடப்பக்கத்தில் கட்டி தெரிந்தது. பேச்சுக்கான பகுதிக்குப் பக்கத்தில் என்பதால் முழுதாக எடுக்க முடியாது என்று சொல்லி, முடிந்த அளவு எடுத்தார்கள். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது: 'டிஃப்யூஸ் ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 2'. கட்டியின் தீவிரத்தை 1 முதல் 4 வரை எண்ணால் சொல்வதுதான் கிரேடு. மேலே தடித்த எழுத்தில் 'இறுதி அறிக்கை'.

மெதுவாக வளரும் வகை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். இரண்டு ஸ்கேன் வரை எல்லாம் சரியாகத்தான் போனது. ஏழாம் மாதம் அண்ணனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அவசரமாக எடுத்த ஸ்கேனில் கட்டி உருவமே மாறியிருந்தது. வேறொரு டாக்டரிடம் ஓடினோம். அவர் பழைய ரிப்போர்ட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி படித்தார். "ஐ.டி.எச். பார்க்கலையா?" என்று கேட்டார். அது ஒரு மரபணுவின் பெயர். நாங்கள் அதைக் கேள்விப்பட்டது அப்போதுதான்.

அலமாரியிலிருந்து பிளாக் வெளியே வந்தது அதன் பிறகுதான். மரபணு எழுத்துகளை வாசிக்கும் சீக்வென்சிங் சோதனையின் முடிவு இப்படி வந்தது: ஐ.டி.எச்.1, ஐ.டி.எச்.2 இரண்டிலும் மாற்றம் இல்லை. டெர்ட் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மாற்றம் உண்டு. 7ஆம் குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது, 10ஆம் குரோமோசோமில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. ஆகவே கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4, மிகத் தீவிரமான வகை. இது புதிதாக வளர்ந்த பகுதியில் எடுத்த சதையின் முடிவு கிடையாது. ஏழு மாதத்துக்கு முன் 'கிரேடு 2' என்று எழுதப்பட்ட அதே பருப்பளவுத் துணுக்கின் முடிவு.

முதல் ரிப்போர்ட்டை எழுதியவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. பிறகு ஒரு பேத்தாலஜி டாக்டர் அதே ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து எனக்கும் காட்டினார். ஊதாவும் இளஞ்சிவப்புமாக, ஆங்காங்கே கொஞ்சம் கோணலான உட்கருக்கள். "பிரியும் செல் இல்லை, அழுகின பகுதி இல்லை, புது ரத்தக்குழாய் இல்லை. இதை மட்டும் பாத்தா நானும் கிரேடு 2ன்னுதான் எழுதுவேன்" என்றார். சிறு துணுக்கு மட்டுமே கையில் கிடைக்கும்போது, கட்டியின் சாதுவான ஓரம் மட்டும் அதில் அகப்படுவது சகஜமாம். கண்ணுக்குத் தெரிந்ததை அவர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள். அதற்கு மேல் 'இறுதி' என்று போட்டதுதான் என் புகார்.

நான் மருத்துவன் இல்லை. கணக்குத் தணிக்கை என் தொழில். வங்கி அறிக்கை வராமல் ஒரு நிறுவனத்தின் கணக்கை முடித்து 'இறுதி' என்று கையெழுத்துப் போட்டால் என் உரிமம் போய்விடும். வராத ஆவணம் எது என்பதை எழுதி, அதற்கு உட்பட்டே என் கருத்து என்று சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் துறையில் இதற்கு வழி இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது! உலக சுகாதார நிறுவனத்தின் மூளைக் கட்டி வகைப்பாட்டிலேயே இருக்கிறது. மரபணுச் சோதனை செய்யவில்லை, அல்லது செய்தும் முடிவு கிடைக்கவில்லை என்றால், நோயின் பெயருக்குப் பின்னால் 'என்.ஓ.எஸ்.' என்று சேர்க்க வேண்டும். மேற்கொண்டு குறிப்பிடப்படவில்லை என்று பொருள். எல்லாச் சோதனையும் செய்து, முடிவு எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை என்றால் அதற்கு வேறு மூன்று எழுத்து, 'என்.ஈ.சி.' தெரியாதது வேறு, பார்க்காதது வேறு என்று பிரித்து வைத்திருக்கும் இந்த ஒழுங்கை ஒரு தணிக்கையாளனாக மிகவும் மதிக்கிறேன்.

அண்ணனின் ரிப்போர்ட்டில் அந்த மூன்று எழுத்து இல்லை. இருந்திருந்தால், அன்றைக்கே "இது என்ன டாக்டர்?" என்று கேட்டிருப்பேன். எண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு குறியீட்டை விடாமல் கேட்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை.

மரபணு பார்ப்பது ஏதோ ஆராய்ச்சிக் கூடத்துச் சமாச்சாரம் என்று உங்களில் சிலர் இன்னும் நினைப்பதால், தெரிந்த கதையைக் கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். மருத்துவர்கள் ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் கிளையோமா என்ற மூளைக் கட்டிகளை (அண்ணனுக்கு வந்ததும் இந்தக் குடும்பம்தான்) செல் வடிவத்தை வைத்து வகைப்படுத்தியது 1926ல். ஏறக்குறைய 90 ஆண்டு அந்த வழியில்தான் உலகம் நடந்தது. அது பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஸ்லைடை இரண்டு நிபுணர்களிடம் கொடுத்தால் இரண்டு பதில் வருவதும் அந்த 90 ஆண்டும் இருந்தது. 2008ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 22 கிளையோபிளாஸ்டோமாக்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை வாசித்தபோது, யாரும் எதிர்பார்க்காத ஐ.டி.எச்.1 மரபணுவில் மாற்றம் இருப்பதைப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒரே இடம்: அது உண்டாக்கும் புரதத்தின் 132ஆம் இடத்தில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின். அந்த மாற்றம் உள்ள கட்டியும் இல்லாத கட்டியும் நுண்ணோக்கியில் ஒன்றாகத் தெரிந்தாலும் வெவ்வேறு நோய்கள் என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது. 2016 வகைப்பாட்டில் மரபணுக்கள் முதல்முறையாக நோயின் பெயருக்குள்ளேயே நுழைந்தன. அண்ணனுக்கு வந்த மாதிரிக் கட்டியை, பார்வைக்குச் சாதுவாக இருந்தாலும் கிளையோபிளாஸ்டோமாவாகவே கருத வேண்டும் என்று வகைப்பாட்டு நிபுணர்கள் 2018லேயே சொல்லிவிட்டார்கள். 2021ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது விதியாகவே ஏறிவிட்டது. அண்ணனுக்கு அறுவை நடந்தது அதற்கும் பிறகு.

ஐ.டி.எச். மாறியிருந்து, 1ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19ஆம் குரோமோசோமின் நீளக் கையும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் அது ஒலிகோடென்ட்ரோகிளையோமா. சிகிச்சைக்கு நன்றாக வளைந்து கொடுக்கும், பல ஆண்டு வாழலாம். ஐ.டி.எச். மாறியிருந்து அந்த இழப்பு இல்லை என்றால் ஆஸ்ட்ரோசைட்டோமா. அதிலும் சி.டி.கே.என்.2ஏ என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் போயிருந்தால், ஸ்லைடு எவ்வளவு அமைதியாக இருந்தாலும் கிரேடு 4. இவற்றில் எதுவும் வண்ணம் ஏற்றிய ஸ்லைடில் எழுதி ஒட்டியிருக்காது.

அண்ணனின் இரண்டாவது ரிப்போர்ட்டில் இன்னொரு வரி இருந்தது: எம்.ஜி.எம்.டி. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்திலேஷன் உண்டு. இது என்ன என்று எனக்குப் புரிய வைத்த மரபணு ஆலோசகர் ஒரு காகிதத்தில் 'க' என்று எழுதினார். மேலே ஒரு புள்ளி வைத்தார். "எழுத்து மாறலை சார். ஆனா ஓசை அடங்கிடுச்சு பாருங்க. மெத்தில் அப்படித்தான். டி.என்.ஏ. எழுத்து மேல உக்காந்து அந்த ஜீனை வாயடைச்சிடும்." எம்.ஜி.எம்.டி. என்பது டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மருந்து செய்யும் சேதத்தைச் சரிசெய்துவிடும் மரபணு. புற்றுச் செல்லுக்குள் அது வாயடைத்துப் போயிருந்தால் மருந்து நன்றாக வேலை செய்யும். 2005ல் வெளிவந்த ஆய்வில், இந்தப் புள்ளி இருந்த நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடும் கொடுத்தபோது இடைநிலை (மீடியன்) ஆயுள் 21.7 மாதம். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15.3 மாதம்.

ஆக, மருந்து கேட்கக்கூடிய கட்டிதான் அண்ணனுக்கு இருந்திருக்கிறது. அந்த மருந்து கையில் இருந்தும் ஏழு மாதம் நாங்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலிலேயே தெரிந்திருந்தால் அவர் இன்று உயிரோடு இருந்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். கிளையோபிளாஸ்டோமா அப்படி விடுகிற நோய் இல்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சீக்வென்சிங் நோயைக் குணப்படுத்தாது, பெயரைத்தான் சொல்லும். ஆனால் பெயர் தெரிந்திருந்தால், பேச்சு நன்றாக இருந்த அந்த ஏழு மாதத்தை அவர் வேறு மாதிரி செலவழித்திருப்பார். கடையை யாரிடம் ஒப்படைப்பது, பிள்ளைகளிடம் எதைச் சொல்வது என்று யோசித்திருப்பார். விஷயம் தெரிந்தபோது அவருக்குப் பாதி வார்த்தைகள் போய்விட்டிருந்தன.

"பெயர் மாறினாலும் சிகிச்சை மாறாது, எதற்கு வீண் செலவு?" என்று ஒரு மூத்த டாக்டர் என்னிடமே கேட்டார். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு நியாயம் இருந்திருக்கலாம். இப்போது இல்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு அனுமதி அளித்தது. ஐ.டி.எச். மாற்றம் உள்ள, கிரேடு 2 கிளையோமாவுக்கு மட்டும். சோதனையில் நோய் முன்னேறாமல் இருந்த காலம் வெற்று மாத்திரைக்கு 11.1 மாதம், இதற்கு 27.7 மாதம். ஐ.டி.எச். பார்க்காமல் இந்த மருந்துச் சீட்டை எழுத முடியாது. மூளையின் அடிப்பகுதியில் வரும் கிரேனியோஃபாரிஞ்சியோமாவில் பாப்பில்லரி என்றொரு வகை உண்டு. அதில் பி.ராஃப் மரபணுவின் வி600ஈ மாற்றம் பெரும்பாலும் இருக்கும். 2023ல் வெளியான ஆய்வில், அதைக் குறிவைக்கும் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தபோது 16 பேரில் 15 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. பார்வை நரம்பின்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கட்டி மாத்திரையில் சுருங்குகிறது என்றால், கத்தி வைப்பதற்கு முன் அதன் மரபணுவைக் கேட்பது வீண் செலவா?

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வரும் மெதுவான கிளையோமாக்களில் அதே பி.ராஃப்தான் இரண்டு விதமாகக் கெடுகிறது. ஒன்று, ஒரே எழுத்து மாறும் வி600ஈ. மற்றொன்று, அந்த மரபணு துண்டாகி வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வது. முதல் வகைக்கு டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க 2023ல் அனுமதி கிடைத்தது. ஒட்டிக்கொண்ட வகைக்கு, பழைய தலைமுறை பி.ராஃப் மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கட்டியின் வளர்ச்சியைத் தூண்டிவிடக்கூடும். அந்த வகைக்கும் கொடுக்கக்கூடிய, வேறு விதமாகச் செயல்படும் டோவோராஃபெனிப் 2024ல் வந்தது. 'பி.ராஃப் பாசிட்டிவ்' என்று மொட்டையாக எழுதிய ரிப்போர்ட்டை நம்பி மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, இந்த ஒட்டு ஓர் எழுத்தை மட்டும் பார்க்கும் சோதனையில் சிக்கவே சிக்காது. குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியும் இப்படித்தான். நுண்ணோக்கியில் நெருக்கமான நீலச் செல்கள், உள்ளே நான்கு பெரிய குழுக்கள். டபிள்யூ.என்.டி. குழுவில் இருக்கும் குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கதிர்வீச்சைக் குறைக்க முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வழக்கமாக வரும் பதில், முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பது. ஆகட்டும். அறுவைக்குப் பின் காயம் ஆறிக் கதிர்வீச்சு தொடங்க எப்படியும் சில வாரம் ஆகிறது. அறுவை நடந்த வாரத்திலேயே பிளாக்கை அனுப்பினால் முடிவு நேரத்துக்கு வந்துவிடும். தாமதம் இயந்திரத்தில் இல்லை, அனுப்பலாமா வேண்டாமா என்று கோப்பு மேசையில் கிடப்பதில்தான் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் சோதனைக்கு ஆன காலம் பதினெட்டு நாள். அனுப்ப ஆனது ஏழு மாதம்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதில் அறுவை மேசையில் நோயாளி படுத்திருக்கும்போதே கட்டியின் வகை தெரிந்துவிடுகிறது. நானோபோர் என்ற தொழில்நுட்பம் அது. மிக நுண்ணிய துளை ஒன்றின் வழியாக டி.என்.ஏ. இழை ஊசியில் நூல் நுழைகிற மாதிரி நழுவிப் போகும். ஒவ்வொரு எழுத்து கடக்கும்போதும் மின்னோட்டம் கொஞ்சம் மாறும். எழுத்தும் தெரியும், அதன் மேல் இருக்கும் மெத்தில் புள்ளியும் தெரியும். மரபணுத் தொகுதி முழுவதையும் வாசிக்காமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும் புள்ளிகளை வைத்தே எந்தக் கட்டி என்று ஊகிக்க ஒரு கணினி நிரலைப் பழக்கியிருந்தார்கள். 'ஸ்டர்ஜன்' என்று அதற்குப் பெயர். 25 அறுவைகளில் சோதித்தபோது, 90 நிமிடத்துக்குள் 18 பேருக்குச் சரியான விடை வந்தது. மீதி ஏழு பேருக்கு, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று நிரல் ஒதுங்கிக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏழுதான். போதுமான ஆதாரம் இல்லை என்றால் வாயைத் திறக்காத ஓர் இயந்திரம்.

(பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. படிப்பவர்தான் இடம் பார்த்து ஊகித்துப் படிக்க வேண்டும். தேர்ந்தவர்கள் சரியாகவே படித்தார்கள், ஆனாலும் ஒரே வரிக்கு இரண்டு பாடம் உண்டானது. மெத்திலேஷன் பார்க்காத ரிப்போர்ட்டைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருகிறது.)

கட்டிகளின் மெத்தில் புள்ளிகளுக்கான பெரிய பட்டியல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவானது. 2,801 மாதிரிகளை வைத்து அவர்கள் அமைத்த வகைப்பாட்டுக் கருவி 2018ல் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகளுக்கு அதைப் பயன்படுத்திப் பார்த்ததில், நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவுக்கு முதலில் எழுதிய நோயின் பெயரே மாறியது. தணிக்கையில் நூறு கணக்குகளில் பன்னிரண்டு தவறாக இருந்தால் அந்த அலுவலகத்தில் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

செலவு உண்மையான பிரச்சினைதான். எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை, எல்லோராலும் கட்டணம் கட்டவும் முடியாது. அதனால் எல்லோருக்கும் எல்லாவற்றையும் வாசியுங்கள் என்று கேட்கவில்லை. படிப்படியாகச் செய்யலாம். கிளையோமாக்களில் காணும் ஐ.டி.எச். மாற்றங்களில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஒரே 132ஆம் இடத்து மாற்றம்தான். அதற்கு ஸ்லைடில் வண்ணம் ஏற்றிப் பார்க்கும் ஆன்டிபாடி சோதனை இருக்கிறது, சீக்வென்சிங்கை விட மிகவும் எளியது. ஏ.டி.ஆர்.எக்ஸ்., எச்3 கே27எம் போன்ற வேறு சில மரபணு அடையாளங்களுக்கும் அப்படியே. ஆன்டிபாடியில் பதில் கிடைத்துவிட்டால் அந்த அளவுக்குச் செலவு மிச்சம். கிடைக்காதவர்களுக்குத்தான் அடுத்த படி. என் அண்ணன் மாதிரி வயது குறைவு, ஸ்லைடு சாது, ஆன்டிபாடி நெகட்டிவ் என்றால், அங்கேதான் கட்டாயம் வாசிக்க வேண்டும். மீதி ஒரு பங்கு மாற்றம் அங்கே ஒளிந்திருக்கலாம். இல்லையென்றால் அது வேடம் போட்ட கிளையோபிளாஸ்டோமாவாக இருக்கலாம். ஒன்று நல்ல செய்தி, மற்றது கெட்ட செய்தி. இரண்டுக்கும் ஒரே ஸ்லைடு.

சதை தீர்ந்துபோகும் பிரச்சினையும் உண்டு. இதைப் பரிசோதனைக் கூடத்தில்தான் கற்றுக்கொண்டேன். பிளாக்கை வாங்கிய பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நிறைய வெட்டிட்டாங்களே, மிச்சம் இருக்கறது போதுமான்னு பாக்கணும்" என்றார். ஒவ்வொரு வண்ணச் சோதனைக்கும் ஒரு சீவல் போகிறது. தலையைத் திறந்து எடுத்த சதை அது, போதவில்லை என்றால் மறுபடி தலையைத் திறக்க வேண்டும். எதற்கு முதலில் வெட்டுவது, எவ்வளவு சதையை மரபணு வாசிப்புக்கு ஒதுக்குவது என்று முதல் சீவலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

அப்புறம், ஒப்புதல் படிவம். கட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க ரத்தமும் எடுத்தார்கள். இரண்டு பக்கப் படிவத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டார். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று பேனாவால் காட்டினார்கள், அவ்வளவுதான். இரண்டாவது கட்டத்தில் என்ன இருந்தது என்று வீட்டுக்கு வந்துதான் படித்தேன். பரம்பரையாக வரும் மாற்றம் ஏதாவது தெரிந்தால் சொல்லலாமா, வேண்டாமா என்று கேட்டிருந்தார்கள். டிபி53, என்.எஃப்.1 மாதிரி மரபணுக்களில் பிறவியிலேயே மாற்றம் இருந்தால் அது பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு போயிருக்கும். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். அண்ணி 'சொல்லலாம்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார், எதற்கு என்று தெரியாமலே. நல்ல வேளையாக எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் வாழ்க்கையைத் தொடும் செய்தி, பேனாவால் காட்டிய இடத்திலிருந்து வந்திருக்கும். சீக்வென்சிங்கை வழக்கமாக்கும்போது கூடவே அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஒருவரையும் வையுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. மரபணு முடிவு எல்லா நேரமும் தெளிவாக வருவதில்லை. 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று ஒரு வரி வந்து குடும்பமே இணையத்தில் தேடிக் களைத்துப்போகும். ஹைடல்பெர்க் கருவியும் சில கட்டிகளைப் பார்த்து 'எதோடும் பொருந்தவில்லை' என்று சொல்லிவிடும். சோதனை செய்வதால் மட்டும் நோயாளிக்கு மருந்து கிடைத்துவிடாது. மாற்றத்தைக் கண்டுபிடித்து, அதற்கு மருந்து இல்லை என்ற பதிலோடு திரும்பியவர்களைக் காத்திருப்பு அறையில் நான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்களால் தாங்கிக்கொள்ள முடியும். தவறான நிம்மதியைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே நான் கேட்பது புதிய கருவியோ புதிய துறையோ இல்லை, அவை வரும்போது வரட்டும். மரபணு முடிவு வராத கிளையோமா ரிப்போர்ட்டில் 'இறுதி' என்று போடாதீர்கள். 'இடைக்கால அறிக்கை, மரபணு முடிவு நிலுவையில்' என்று எழுதுங்கள். சோதனை செய்யவே முடியாத இடம் என்றால் என்.ஓ.எஸ். என்ற மூன்று எழுத்தைச் சேருங்கள், அதன் பொருளை நோயாளியின் மொழியில் ஒரு வரியாகக் கீழே எழுதுங்கள்: 'இந்தக் கட்டியின் மரபணு பார்க்கப்படவில்லை. பார்த்தால் முடிவு மாறலாம்.' சிகிச்சையை முடிவு செய்யும் டியூமர் போர்டு கூடும்போது, மரபணு வரி காலியாக இருக்கும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு 'கண்காணிப்பு போதும்' என்று முடிவெடுக்காதீர்கள். இதற்கு அச்சுக்கூடச் செலவுகூட இல்லை, ரிப்போர்ட் வார்ப்புருவில் ஒரு வரி மாற்றினால் போதும்.

கடைசியாக, சொந்தமாக ஒரு கோரிக்கை. அந்தப் பிளாக்கைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி ஒப்படைத்துவிட்டேன். உங்களில் ஒருவரின் அலமாரியில் பழைய எண்ணோடு அது மறுபடி உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. மருத்துவமனைக் கோப்பில் அவர் நோயின் பெயர் இன்னும் 'டிஃப்யூஸ் ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 2, இறுதி' என்றே இருக்கிறது. மரபணு முடிவின் நகலோடு திருத்த அறிக்கை கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன். நாளை எந்த டாக்டராவது அவர் பிள்ளைகளிடம் "அப்பாவுக்கு என்ன இருந்தது?" என்று கேட்டால், அவர்கள் எடுத்துக் காட்டப்போவது அந்தக் காகிதத்தைத்தான். அதைத் திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி